மோஹோவை அளக்க எந்த முறை: வெடியா, லாரியா, காத்திருப்பா?

2018 நவம்பரில் செவ்வாயில் இறங்கிய இன்சைட் கலம் தரையில் ஒரே ஒரு நிலநடுக்கமானியை வைத்தது. கிடைத்த சில நடுக்கங்களை வைத்துக்கொண்டு 2021-இல் விடையை வெளியிட்டார்கள். கலத்துக்கு அடியில் மேலோட்டின் தடிமன் 20 கி.மீ. இருக்கலாம், அல்லது 39 கி.மீ. இருக்கலாம். ஒன்று மற்றதைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு! 20 கி.மீ. ஆழத்தில் ஓர் எல்லை தெரிந்தது. அதற்குக் கீழே இன்னொன்றும் தெரிந்த மாதிரி இருந்தது. ஆனால் அது நிஜமான எல்லையா, மேல் அடுக்குகளுக்குள் அலை முட்டி மோதித் திரும்பிய எதிரொலியா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. பின்னால் வந்த ஆய்வுகள் தடித்த மேலோட்டின் பக்கமே சாய்ந்தன.

அவர்களிடம் இருந்தது ஒரு கருவிதான். நினைத்தவுடன் இன்னொன்றை அனுப்ப முடியாது. பூமியில் வேலை செய்கிற நமக்கு அந்தச் சாக்கு கிடையாது. இங்கே வெடி வைக்கலாம், அதிர்வு லாரிகளை ஓட்டலாம், உலகின் மறுகோடியில் நிலம் நடுங்கும்வரை காத்திருக்கலாம், ஒன்றுமே செய்யாமல் கடலலையின் இரைச்சலைப் பதிவு செய்தும் பார்க்கலாம். எதற்குப் பணத்தையும் நாளையும் செலவிடுவது என்பதுதான் கேள்வி. பூமியின் வெளி ஓடான மேலோட்டுக்கும் அதற்குக் கீழுள்ள கவசத்துக்கும் நடுவில் உள்ள எல்லையை, அதாவது மோஹோவை, ஆராய ஒரு திட்டம் எழுத உட்கார்ந்திருப்பவரை மனதில் வைத்து இதை எழுதுகிறேன்.

முதலில்: எந்த மோஹோ?

1909 அக்டோபர் 8 அன்று ஜாக்ரெப் நகருக்கு அருகே ஒரு நிலநடுக்கம். அதன் பதிவுகளை ஆந்திரியா மோஹோரோவிசிச் பல நிலையங்களிலிருந்து வரவழைத்துப் பார்த்தார். ஒரே நடுக்கத்துக்கு இரண்டு பி அலைகள் (பாறையை அழுத்தித் தளர்த்திக்கொண்டு எல்லாவற்றுக்கும் முந்தி வரும் அலைகள்) வந்திருந்தன. அருகில் உள்ள நிலையங்களில் மெதுவான அலை முதலில் வந்தது. தொலைவில் உள்ளவற்றில் வேகமான அலை அதை முந்தியிருந்தது. ஊருக்குள் நேராகப் போகிறவரை, சுற்றிப் போய்ப் புறவழிச்சாலையில் ஏறியவர் முந்திவிடுவார் அல்லவா, அதே கதைதான். கீழே அலை வேகமாகப் போகும் ஒரு பாதை இருக்கிறது என்று அவர் முடிவு செய்தார். அது தொடங்கும் ஆழத்தை ஏறக்குறைய 54 கி.மீ. என்று கணக்கிட்டார். அந்த எல்லைதான் இன்று அவர் பெயரில் மோஹோ. கண்டங்களுக்கு அடியில் சராசரியாக 35 முதல் 40 கி.மீ., கடல்தரைக்கு அடியில் 6, 7 கி.மீ., திபெத்தில் 70-க்கும் மேல்.

இதைப் படித்ததும் மோஹோ என்பது தெளிவான ஒரே பொருள், அதன் ஆழத்தை அளக்கப் பல வழிகள் இருக்கின்றன என்று தோன்றும். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். உண்மையில் ஒவ்வொரு முறையும் தனக்கென்று ஒரு மோஹோவை வைத்திருக்கிறது. விலகல் அலை (எல்லையில் வளைந்து, கீழே வேகமாக ஓடித் திரும்பும் அலை) வைத்து அளப்பவருக்கு மோஹோ என்றால் பி அலையின் வேகம் நொடிக்கு 7.6, 7.8 கி.மீ.க்கு மேல் ஏறும் இடம். எதிரொலி வைத்து அளப்பவருக்கு, கீழ் மேலோட்டிலிருந்து வரும் எதிரொலிக் கோடுகள் நின்றுபோகும் இடம். ரிசீவர் ஃபங்ஷன் (தொலைதூர நடுக்கங்களை வைத்துச் செய்யும் முறை, பின்னால் விளக்குகிறேன்) போடுகிறவருக்கு எஸ் அலையின் (பி-க்குப் பின்னால் வரும், பாறையைக் குறுக்காக ஆட்டும் அலை) வேகம் சட்டென்று மாறும் இடம். பாறையியல்காரரைக் கேட்டால், இந்த மூன்றும் வேண்டாம், மேலே கேப்ரோ போன்ற மேலோட்டுப் பாறை முடிந்து கீழே பெரிடோடைட் என்ற கவசப் பாறை தொடங்கும் இடம்தான் எல்லை என்பார். ஓமானில் கடல்தரையின் ஒரு பெரிய துண்டே நிலத்தின்மேல் ஏறிக் கிடக்கிறது. அங்கே அந்த எல்லைமேல் காலை வைத்து நிற்கலாம். மற்ற இடங்களில் அந்த வசதி இல்லை. ரஷ்யாவின் கோலா ஆழ்துளையே 12,262 மீட்டரோடு நின்றுவிட்டது. மோஹோ அதற்கு இன்னும் பல கிலோமீட்டர் கீழே.

பல இடங்களில் இந்த நான்கும் ஒன்றிரண்டு கிலோமீட்டருக்குள் ஒத்துப்போகும். ஒத்துப்போகாத இடங்களில்தான் சுவாரசியமான புவியியல் நடக்கிறது. அதனால் எந்த முறை மலிவு என்பதைப் பிறகு பார்க்கலாம், உங்கள் கேள்விக்கு எந்த மோஹோ வேண்டும் என்பதை முதலில் தீர்மானியுங்கள் என்பேன். நில எழுச்சியைக் கணக்கிடுகிறவருக்கு ஆழம் போதும். அக்கம்பக்கத்து நிலநடுக்கங்களின் இடத்தைத் துல்லியமாகக் குறிக்க நினைப்பவருக்கு வேகம் வேண்டும். பழைய கண்ட மோதல் ஒன்றின் தழும்பைத் தேடுகிறவருக்கு எல்லையின் வடிவம் வேண்டும்: மடிந்திருக்கிறதா, முறிந்திருக்கிறதா, ஒன்றன்கீழ் ஒன்று செருகியிருக்கிறதா என்று.

வெடி வைத்து விலகல் அலையைப் பிடிப்பது

மோஹோரோவிசிச் செய்ததையே, நேரமும் இடமும் நமக்குத் தெரிந்த வெடியை வைத்துச் செய்வது இது. ஆழமான துளை போட்டு, நூற்றுக்கணக்கான கிலோ வெடிமருந்தை இறக்கி வெடிப்பார்கள். நேர்கோட்டில் நெடுந்தொலைவுக்கு ஜியோபோன்களை (தரையின் அதிர்வைப் பிடிக்கும் சிறு கருவிகளை) நட்டிருப்பார்கள். (சோவியத் ஒன்றியத்தில் இதற்கு அணுகுண்டே வெடித்தார்கள். குவார்ட்ஸ் என்ற அளவைக் கோடு ஏறக்குறைய 4,000 கி.மீ. நீளம். இன்று அந்த வழியை யாரும் திட்டத்தில் எழுத மாட்டார்கள் என்று நம்புகிறேன்.)

எவ்வளவு தொலைவு வேண்டும்? மேலோட்டின் தடிமன் 35 கி.மீ., அதில் வேகம் 6.3, கீழே 8.1 என்று வைத்துக்கொள்வோம். கீழ்ப்பாதையில் வரும் அலை, மேல்பாதை அலையை முந்தத் தொடங்குவது ஏறக்குறைய 200 கி.மீ. தொலைவில். முந்திய பிறகும் கொஞ்ச தூரம் பார்த்தால்தான் அதன் வேகத்தை நம்பி எழுத முடியும். ஆக, 250, 300 கி.மீ. நீளமாவது வேண்டும். சின்ன ஆய்வுப் பகுதி வைத்திருப்பவருக்கு இந்த முறை இங்கேயே முடிந்துபோகிறது.

பதிவு கையில் வந்ததும் அதை அப்படியே வரைய மாட்டார்கள். ஒவ்வொரு நிலையத்தின் நேரத்திலிருந்தும் தொலைவை 8.1-ஆல் வகுத்துக் கழித்துவிட்டு வரைவார்கள். அப்படிச் செய்தால் கவசத்தில் ஓடிவந்த அலை, 7 நொடிக்கு அருகில் படுத்துக் கிடக்கும் ஒரு மெல்லிய கோடாகத் தெரியும். மேலோட்டு அலை இடமிருந்து வலமாக மேலேறிக்கொண்டே போகும். 100 கி.மீ.இல் 3.5 நொடியில் இருப்பது 200-இல் 7-ஐத் தொட்டு, 250-இல் 8.8-க்குப் போய்விடும். இந்த இரண்டும் போக, 90 கி.மீ. அளவிலிருந்து கனத்த, கறுத்த ஒரு பட்டை தெரியும். அது மோஹோவில் மாறுநிலைக் கோணத்தைத் தாண்டி முழுதாகத் தெறித்து வந்த எதிரொலி. என் கண் முதலில் போவது அதன்மேல்தான், ஏனென்றால் படுத்துக் கிடக்கும் அந்த மெல்லிய கோடு பல பதிவுகளில் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும் அளவுக்குச் சோனியாக இருக்கும்.

அந்தச் சோனித்தனம்தான் இந்த முறையின் பலவீனம். 5 ஹெர்ட்ஸ் அலையில் முதல் அசைவைத் தவறவிட்டு அடுத்த அலைவட்டத்தைக் குறித்துவிட்டால் 0.2 நொடி தள்ளிப்போகும். மேலே சொன்ன கணக்கில் அது 1 கி.மீ. ஆழப் பிழை. ஒரு காலைப்பொழுதில் நானே அப்படி இருபது நிலையங்களைத் தப்பாகக் குறித்திருக்கிறேன். அத்தனையும் ஒரே பக்கம் தப்பு என்பதால் கோடு அழகாக வந்தது.

இன்னொரு விஷயத்தில் கஞ்சத்தனம் காட்டவே கூடாது. கோட்டின் ஒரு முனையில் மட்டும் வெடித்துவிட்டு வந்துவிடாதீர்கள். மோஹோ வெறும் 3 பாகை சாய்ந்திருந்தால் போதும், சரிவின் திசையில் பார்க்கும்போது 8.1 என்பது 7.8 ஆகத் தெரியும். எதிர்த்திசையில் பார்த்தால் 8.5. முதல் எண்ணைப் பார்த்தவர் கவசம் சூடாக இருக்கிறது என்று எழுதுவார், இரண்டாவதைப் பார்த்தவர் குளிர்ந்து இறுகியிருக்கிறது என்று எழுதுவார். பாறை ஒன்றுதான், சாய்வு மட்டும்தான் காரணம். இரு முனையிலும், முடிந்தால் நடுவிலும் வெடித்தால்தான் சாய்வையும் வேகத்தையும் பிரிக்க முடியும்.

ஆனால் ஒழுங்காகச் செய்தால், மேலோடு முழுவதற்கும் கவசத்தின் தலைப்பகுதிக்கும் பி அலை வேகத்தை இவ்வளவு நேரடியாகத் தருவது வேறு எதுவும் இல்லை. வேகம் தெரிந்தால் பாறை என்னவாக இருக்கலாம் என்று பேசலாம். மற்ற முறைகள் எல்லாம் வேகத்தை எங்கிருந்தாவது கடன் வாங்கியாக வேண்டும். கடன் கொடுக்கிறவர் பெரும்பாலும் இந்த முறைதான்.

அதிர்வு லாரியும் நேர்குத்து எதிரொலியும்

எண்ணெய் தேடுபவர்களின் கருவியை எடுத்து இன்னும் ஆழமாகக் காது கொடுத்துக் கேட்பது இது. கனத்த லாரிகள் வரிசையாக நின்று, வயிற்றுக்கு அடியில் உள்ள தட்டைத் தரையில் அழுத்தி, தாழ்ந்த அதிர்வெண்ணிலிருந்து ஏறுமுகமாக நிலத்தை அதிரவைக்கும். எண்ணெய்க்காரர்கள் நாலைந்து நொடி பதிவு செய்துவிட்டு நிறுத்திக்கொள்வார்கள். மோஹோவுக்குப் போய்த் திரும்ப 11 நொடி ஆகும் என்பதால் 15, 20 நொடி கேட்க வேண்டும். 1975-இல் அமெரிக்காவில் டெக்சாஸில் கோகார்ப் என்ற திட்டம் இப்படித்தான் தொடங்கியது. அதன் பிறகு பிரிட்டனைச் சுற்றிய கடலில் பிர்ப்ஸ், கனடாவில் லித்தோபுரோப் என்று வரிசையாக வந்தன.

படம் என்று சொன்னால் இதுதான் படம். 15 ஹெர்ட்ஸ் அலைக்கு மேலோட்டில் அலைநீளம் 420 மீட்டர். அதில் கால் பங்கு, அதாவது 100 மீட்டர் அளவுள்ள அடுக்குகளைக்கூடப் பிரித்துக் காட்டும் தகுதி இந்த முறைக்கு உண்டு. 35 கி.மீ. ஆழத்தில் இது பெரிய விஷயம். பக்கவாட்டில் அவ்வளவு கூர்மை கிடையாது. திருத்தங்கள் செய்வதற்கு முன்னால், இரண்டரை, மூன்று கி.மீ. ஆரமுள்ள வட்டம் முழுவதும் சேர்ந்துதான் ஒரு புள்ளியின் எதிரொலியாக வரும்.

இந்தப் படங்கள் காட்டியவற்றில் எனக்குப் பிடித்தது அமெரிக்க மேற்கில் நெவாடாவின் குறுக்கே எடுத்த கோடு. மேலே மலையும் பள்ளமுமாக நிலம் இழுபட்டுக் கிழிந்து கிடக்கிறது. அதற்கு அடியில் ஏறக்குறைய 30 கி.மீ. ஆழத்தில் மோஹோ வழித்துவிட்ட மாதிரி தட்டையாக ஓடுகிறது. மேலே உள்ள பாறைகளின் வயதுக்கும் மோஹோவின் வயதுக்கும் தொடர்பு இருக்க வேண்டிய கட்டாயமில்லை, நிலம் இழுபடும்போதே அந்த எல்லை புதிதாக அமைந்துகொள்ளலாம் என்ற எண்ணத்துக்கு இது பெரிய பலம். ஸ்காட்லாந்தின் வடக்கே எடுத்த கோடுகளில் ஃபிளனன் என்று பெயர் பெற்ற எதிரொலிப்பான் மோஹோவோடு நிற்காமல் கவசத்துக்குள்ளேயே சாய்ந்து இறங்குகிறது. ஆழம் எத்தனை என்று ஓர் எண்ணை மட்டும் தரும் எந்த முறையிலும் இவை கண்ணில் பட்டிருக்காது.

சரி, அப்படியானால் இதையே செய்துவிடலாமே? இரண்டு காரணங்களுக்காகத் தயங்குவேன்.

ஒன்று, இதற்கு வேகம் தெரியாது. 10 கி.மீ. நீளத்துக்கு ஜியோபோன்களைப் பரப்பியிருக்கிறீர்கள். மோஹோ எதிரொலி அருகிலுள்ள ஜியோபோனுக்கு வருவதைவிடக் கடைசி ஜியோபோனுக்கு 0.11 நொடி தாமதமாக வரும். இந்தத் தாமதத்திலிருந்துதான் வேகத்தைக் கறக்க வேண்டும். மேலோட்டின் சராசரி வேகம் 6.3 இல்லாமல் 6.6 ஆக இருந்தால் அந்தத் தாமதம் 0.10 நொடி. வித்தியாசம் நூற்றில் ஒரு நொடி. மேல்மண்ணின் கோணல்மாணலே அதை விழுங்கிவிடும். ஆனால் ஆழக் கணக்கில் அந்த வித்தியாசம் ஏறக்குறைய 1.7 கி.மீ. ஆகிவிடுகிறது. அதனால்தான் நல்ல எதிரொலிப் படங்களின் செங்குத்து அச்சில் கிலோமீட்டர் போடாமல் நொடி போட்டிருப்பார்கள். அதை நேர்மை என்றே நினைக்கிறேன்.

இரண்டு, மோஹோ சில இடங்களில் தெரியவே தெரியாது. எல்லை கத்தி வைத்து வெட்டியதுபோல் இருந்தால் வரும் அலையின் வீச்சில் ஏறக்குறைய 15 விழுக்காடு திரும்பும். ஆற்றலில் அது 2 விழுக்காட்டைச் சற்றே தாண்டும். அதே வேக மாற்றம் ஒன்றிரண்டு கிலோமீட்டரில் படிப்படியாக நடந்தால், 400 மீட்டர் நீள அலைக்கு அங்கே எல்லை இருப்பதே தெரியாது. வழுக்கிக்கொண்டு கீழே போய்விடும். மேல்மண் தளர்வாக இருந்தாலும் ஆற்றல் அங்கேயே தீர்ந்துவிடும். படத்தில் காணவில்லை என்பதற்காக மோஹோ இல்லை என்று எழுதிவிட முடியாது. பெரும் செலவு செய்து வெற்றுத்தாள் வாங்கிவந்த குழுக்கள் இருக்கின்றன.

காத்திருப்பு: தொலைதூர நிலநடுக்கங்கள்

ரிசீவர் ஃபங்ஷன் என்ற பெயர் பயமுறுத்தினாலும் விஷயம் எளிது. 30 முதல் 90 பாகைத் தொலைவில் (பூமி உருண்டைமேல் கோணமாக அளந்தது, ஒரு பாகை ஏறக்குறைய 111 கி.மீ.) எங்கோ அளவு ஐந்தரைக்கு மேல் ஒரு நடுக்கம் வருகிறது. அதன் பி அலை பூமியின் ஆழத்தில் புகுந்து நம் நிலையத்துக்கு அடியிலிருந்து செங்குத்துக்குக் கொஞ்சம் சாய்வாக ஏறிவருகிறது. மோஹோவைக் கடக்கும்போது அதில் ஒரு சிறு பங்கு எஸ் அலையாக மாறிவிடுகிறது. எஸ் மெதுவானது, எனவே பின்தங்கி வரும். எவ்வளவு பின்தங்குகிறது என்று அளந்தால் ஆழம் கிடைத்துவிடும். நிலையத்தின் கிடைமட்டப் பதிவிலிருந்து செங்குத்துப் பதிவைக் கணக்குப்போட்டு வகுத்து நீக்கினால், எங்கோ நடந்த நடுக்கத்தின் சொந்தச் சிக்கல்கள் கழன்று, நிலையத்துக்கு அடியில் இருப்பது மட்டும் மிஞ்சும். 1979-இல் லாங்ஸ்டன் போட்ட பாதை இது.

வெடி அனுமதி வேண்டாம், லாரி வேண்டாம். ஒரு குழி, ஓர் அகலப்பட்டை நிலநடுக்கமானி (வேகமான அசைவு, மெதுவான அசைவு இரண்டையும் பதிவது), சூரியத் தகடு, ஜிபிஎஸ் கடிகாரம், ஒன்று முதல் இரண்டு ஆண்டு பொறுமை. மாணவர் ஒருவர் நான்கைந்து நிலையங்களை வைத்துத் தன் ஆய்வேட்டை முடித்துவிடலாம். அதனால்தான் கண்டம் கண்டமாக மோஹோ வரைபடங்கள் இந்த முறையில் நிரம்பியிருக்கின்றன. அமெரிக்காவில் 400 நிலையங்களை 70 கி.மீ. இடைவெளியில் வைத்து, இரண்டாண்டுக்கு ஒருமுறை பெயர்த்துப் பெயர்த்து நாட்டின் குறுக்கே கொண்டுபோனார்கள்.

இதன் பிழை எங்கே ஒளிந்திருக்கிறது என்று கொஞ்சம் உட்கார்ந்து பார்ப்பது நல்லது. 35 கி.மீ. மேலோடு, பி வேகம் 6.3, பி-எஸ் வேக விகிதம் 1.73 என்றால் எஸ் அலை 4.2 நொடி பின்தங்கும். அதே 4.2 நொடியை வைத்துக்கொண்டு விகிதம் 1.80 என்று எடுத்துக்கொள்ளுங்கள், ஆழம் 32 கி.மீ. ஆகிவிடும். பதிவில் ஒரு புள்ளிகூட மாறவில்லை, நம் ஊகம் மாறியது, மோஹோ 3 கி.மீ. மேலே வந்துவிட்டது. குவார்ட்ஸ் மிகுந்த பாறைக்கு விகிதம் குறைவு, கேப்ரோ வகைக்கு அதிகம் என்பதால் இந்த இரண்டு எண்ணுமே நடைமுறையில் வரக்கூடியவைதான். பழைய கட்டுரைகளில் எல்லா நிலையத்துக்கும் 1.73 என்று போட்டுவிட்டு ஆழத்தை ஒரு தசமம் வரை எழுதியிருப்பதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பும் வரும், கொஞ்சம் கோபமும் வரும்.

இதற்கு மருந்து, மோஹோவுக்கும் தரைக்கும் இடையே மோதித் திரும்பி இன்னும் தாமதமாக வரும் எதிரொலிகள். அவை ஆழத்தையும் விகிதத்தையும் வேறு விதத்தில் கலந்து தருகின்றன. எனவே முதலில் வரும் எஸ்ஸும் பின்னால் வரும் இந்த எதிரொலிகளுமாக மூன்று துள்ளல்களும் ஒரே ஆழம், ஒரே விகிதத்துக்கு ஒத்துவரும் இடத்தைத் தேடலாம். 2000-இல் சூ, கனமோரி இருவரும் தந்த அடுக்கிக் கூட்டும் முறை இதைத்தான் செய்கிறது. எதிரொலிகள் தெளிவாக இருந்தால் அருமையான விடை. தெளிவில்லை என்றால் கணினி ஏதோ ஒரு சிவப்புத் திட்டைக் காட்டி இதுதான் என்று சொல்லிவிடும். செவ்வாயில் சிக்கல் வந்ததும் ஏறக்குறைய இந்த இடத்தில்தான்.

வண்டல் படுகை இன்னொரு பொறி. ஒருமுறை ஒரு நிலையத்தில் 4.3 நொடியில் அழகான துள்ளல் கிடைத்தது. மோஹோ என்று குறித்துக்கொண்டேன், ஆழமும் அக்கம்பக்கத்தோடு ஒத்துப்போனது. சில வாரம் கழித்து அந்த இடத்தின் துளைப் பதிவு கைக்கு வந்தது. 2.5 கி.மீ. மென்வண்டல். அதில் பி வேகம் 2.2, எஸ் வேகம் 0.8 என்று போட்டுப் பார்த்தால், வண்டலுக்குள் ஒருமுறை எதிரொலித்து எஸ் ஆகத் திரும்பும் அலை சரியாக 4.3 நொடியில் வருகிறது. நான் மோஹோ என்று குறித்தது வண்டலின் அடிமட்டம்! மோஹோவின் துள்ளல் அதற்கடியில் எங்கோ மூழ்கியிருந்தது. அன்றிலிருந்து நிலையம் வைக்க இடம் பார்க்கப் போனால் முதலில் கடினப் பாறை எங்கே தலைகாட்டுகிறது என்றுதான் தேடுகிறேன். நிழல், சாலை வசதியெல்லாம் அதற்கப்புறம்.

பார்வையின் கூர்மையும் வேறு. இங்கே வேலை செய்வது 1 ஹெர்ட்ஸ் அளவுள்ள அலைகள். எஸ் அலைநீளமே மூன்றரை கி.மீ.க்கு மேல். 100 மீட்டர் அடுக்கெல்லாம் கேட்கக் கூடாது. அதில் ஒரு நன்மையும் உண்டு: எதிரொலி முறைக்குப் பிடிபடாமல் வழுக்கிப்போன படிப்படியான எல்லை, இந்த நீண்ட அலைகளுக்குச் சாதாரணப் படிக்கட்டாகத் தெரியும். அலை மாறும் புள்ளி நிலையத்துக்கு நேர் கீழே இல்லாமல், நடுக்கம் வந்த திசையில் ஏறக்குறைய 8 கி.மீ. தள்ளி இருக்கும். ஆகவே 5 முதல் 10 கி.மீ. இடைவெளியில் நிலையங்களை நட்டால் தொடர்ச்சியான படம் கிடைக்கும். 70 கி.மீ. இடைவெளியில் நட்டால் கிடைப்பது உதிரிப் புள்ளிகள்தான், நடுவில் உள்ளதை மென்பொருள் இட்டு நிரப்பும். வழவழப்பான வரைபடத்தைப் பார்க்கும்போது நிலையங்கள் எங்கே என்று கேளுங்கள்.

இரைச்சலும் ஈர்ப்பும்

கடலலைகள் ஓயாமல் நிலத்தை ஆட்டிக்கொண்டே இருக்கின்றன. இரண்டு நிலையங்களின் பல மாத இரைச்சலை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பெருக்கிக் கூட்டினால், ஒன்றில் தட்டி மற்றதில் கேட்டதுபோல ஒரு மேற்பரப்பு அலை வெளியே வருகிறது. 2004, 2005 வாக்கில் ஷப்பீரோவும் காம்பியோவும் இதை நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். அதே கருவிகள், அதே பதிவுகள், கூடுதல் செலவு கணினி நேரம் மட்டும். மோஹோ கூர்மையாகத் தெரியாது. 25 நொடி அலை 30 கி.மீ. ஆழத்தை ஒட்டி மேலும் கீழும் உள்ள எஸ் வேகத்தை எல்லாம் கலக்கிக் கூழாக்கித்தான் தரும். ஆனால் ரிசீவர் ஃபங்ஷனுக்கு எல்லை தெரியும், சராசரி வேகம் தெரியாது. இதற்குச் சராசரி வேகம் தெரியும், எல்லை தெரியாது. இரண்டையும் சேர்த்துத் தீர்க்காமல் ரிசீவர் ஃபங்ஷனை மட்டும் வெளியிட இன்று காரணமே இல்லை.

ஈர்ப்பு அளவீட்டை மட்டும் வைத்து மோஹோ ஆழம் சொல்வதை நான் முறைகளில் ஒன்றாகவே சேர்க்க மாட்டேன். நிலையங்களுக்கு நடுவில் உள்ள இடைவெளியை நிரப்ப உதவும், அவ்வளவுதான்.

கடலில் கணக்கு தலைகீழ்

நிலத்தில் சொன்ன விருப்ப வரிசை கடலில் செல்லாது. அங்கே மேலோடு 7 கி.மீ.தான் என்பதால் சில பத்து கி.மீ. தொலைவிலேயே விலகல் அலை கிடைத்துவிடும். ஏர்கன் (அழுத்திய காற்றை நீருக்குள் வெடிக்கவிடும் கருவி) இழுத்துக்கொண்டு போகும் கப்பல், கடல்தரையில் இறக்கிய நிலநடுக்கமானிகள், இவை இரண்டும் போதும். கப்பல் தனக்குப் பின்னால் ஒலிவாங்கிகள் கோத்த நீளமான கேபிளையும் இழுத்தால் எதிரொலிப் படமும் அதே பயணத்தில் வந்துவிடும். கடல்தரைக்குக் கீழே ஏறக்குறைய 2 நொடியில் மோஹோவைத் தேட வேண்டியதுதான். கடல் பாலூட்டிகளுக்கான கட்டுப்பாடுகள் உண்டு, அவற்றுக்குத் திட்டத்தில் நாள் ஒதுக்க வேண்டும். காத்திருப்பு முறைதான் கடலில் தவிக்கிறது. கருவி சேற்றில் ஆடுகிறது, நீரோட்டம் கிடைமட்டப் பதிவைக் கெடுக்கிறது, மேலே உள்ள தண்ணீருக்குள் அலை முட்டி முட்டித் திரும்புகிறது.

ஆனால் எந்த முறையாலும் தீராத ஒரு குழப்பம் கடலில்தான் இருக்கிறது. மெதுவாக விரியும் கடல் முகடுகளில் கவசப் பாறை மேலே வந்து கடல்நீர் குடித்துப் பாம்புக்கல்லாக, அதாவது சர்பென்டினைட்டாக, மாறுகிறது. 8 இருந்த பி வேகம், நீர் எவ்வளவு புகுந்தது என்பதைப் பொறுத்து 7, 6, 5 என்று இறங்கிவிடும். பி வேகத்தை மட்டும் பார்த்தால் இது மேலோடுதான் என்று சத்தியம் செய்யலாம். 2023-இல் அட்லாண்டிக் நடுமுகட்டில் அட்லாண்டிஸ் மாசிஃப் என்ற இடத்தில் 1,268 மீட்டர் துளைத்தபோது வந்தது பெரும்பாலும் அப்படி மாறிய கவசப் பாறை. அங்கே வேகத்தை வைத்து மோஹோ வரைந்தால் அது பாறை மாறும் எல்லையாக இல்லாமல், நீர் எட்டிய எல்லையாகக்கூட இருக்கலாம். பி-யோடு எஸ் வேகமும் இருந்தால் விகிதம் கொஞ்சம் கைகொடுக்கும். ஆகவே கடலில் எஸ் அலையையும் பதிவு செய்யும் நான்கு உறுப்புக் கருவிகளுக்குச் (மூன்று திசை அசைவும் நீரின் அழுத்தமும் பதிபவை) சண்டை போட்டாவது நிதி வாங்குங்கள்.

நான் என்றால்

நிலத்தில், கையில் பெரிய பணம் இல்லை, கேள்வி ஆழம் பற்றியது என்றால் யோசிக்கவே மாட்டேன்: கடினப் பாறைமேல் அகலப்பட்டை நிலையங்கள், இரண்டு ஆண்டு, ரிசீவர் ஃபங்ஷனும் இரைச்சலும் சேர்த்து. பத்து நிலையங்கள் இருந்தால் அவற்றைப் பகுதி முழுக்கத் தூவ மாட்டேன். ஆறை ஒரே கோட்டில் நெருக்கமாக நட்டு, நான்கை மட்டும் சுற்றிலும் வைப்பேன். தூவினால் வரைபடம் அழகாக வரும், கோட்டில் நட்டால் எல்லையின் வடிவம் தெரியும்.

இன்னும் கொஞ்சம் பணம் வந்தால் அதே கோட்டின்மேல் ஒரு விலகல் அளவை, இரு முனையிலும் வெடியோடு. அதற்கு ஒரு மாதம் மின்கலத்தில் ஓடும் சின்னச் சின்னத் தனிக் கருவிகள் இப்போது கிடைக்கின்றன. கேபிள் இழுக்கும் கூலியும் பாதி நாளும் மிச்சம். அந்த மாதத்தில் தொலைவில் பெரிய நடுக்கம் ஏதாவது வந்தால் அவையும் ரிசீவர் ஃபங்ஷனுக்குப் பயன்படும்.

நேர்குத்து எதிரொலியை எல்லாவற்றுக்கும் கடைசியில் வைப்பேன், ஒரே ஒரு விதிவிலக்கோடு: கேள்வியே வடிவம் பற்றியது என்றால் அதுதான் முதலில். திபெத்தின் தெற்கு விளிம்பை எடுத்துக்கொள்ளுங்கள். 1992-இல் இன்டெப்த் திட்டம் அங்கே எதிரொலி அளவை நடத்தியபோது, இந்திய மேலோடு எந்தப் பிளவின்மேல் வழுக்கி உள்ளே போகிறதோ அந்தப் பிளவே சாய்கோடாகப் படத்தில் தெரிந்தது. ஏறக்குறைய 75 கி.மீ. ஆழத்தில் மோஹோவும் தெரிந்தது. பத்தாண்டு கழித்து ஹை-க்ளைம்ப் என்ற திட்டம் ஏறக்குறைய 800 கி.மீ. நீளத்துக்கு, சில கி.மீ. இடைவெளியில் நிலையங்களை நட்டு, ரிசீவர் ஃபங்ஷன் மூலம் அந்த மேலோடு வடக்கே எதுவரை போகிறது என்று தொடர்ந்து காட்டியது. முதல் படம் குட்டையானது, கூர்மையானது. இரண்டாவது மங்கலானது, நீளமானது. இரண்டில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள் என்றால் நான் இரண்டாவதை எடுப்பேன். முதலாவது இல்லாமல் அதைப் படித்திருக்க முடியுமா என்று யாராவது கேட்டால் பேசாமல் இருந்துவிடுவேன்.

இரண்டு முறையும் செய்து, ஒன்று 37 என்றும் மற்றது 41 என்றும் சொன்னால் என்ன செய்வது? சராசரி எடுத்து 39 என்று எழுதும் பழக்கம் இருக்கிறது. அந்த ஆழத்தில் எதுவுமே இல்லாமல் இருக்கக்கூடும். மேலோட்டின் அடியில் வேகம் 7.2-லிருந்து 7.8 வரை மெல்ல ஏறும் தடித்த அடுக்கு ஒன்று இருந்தால், ஒரு முறை அதன் மேல்விளிம்பைப் பிடித்திருக்கும், இன்னொன்று கீழ்விளிம்பை. அடியிலிருந்து பாறைக்குழம்பு வந்து ஒட்டிக்கொண்டதா, கீழ் மேலோடு அழுத்தத்தில் எக்லோஜைட் என்ற அடர்ந்த பாறையாக இறுகி வேகத்தில் கவசம்போல் நடிக்கிறதா என்று தேட வேண்டிய இடம் அந்த 4 கி.மீ.தான். அட்டவணையில் இரண்டு எண்ணையும் தனித்தனிப் பத்தியில், எந்த முறை தந்தது என்று தலைப்பிட்டு எழுதிவிட்டு, ஊகித்த வேகத்தையும் விகிதத்தையும் பக்கத்திலேயே போட்டுவிடுங்கள்.